சின்ன மாமனார் வண்டியை வாங்கறதுக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போலாமுங்களா? (2014 ஸ்விஃப்ட் டீசல்)

பவானிக்கரையான் (கோபி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டியைப் பத்திப் பாதி, ஒறம்பரையை (சொந்தக்காரங்களை)ப் பத்திப் பாதின்னு ஒரு கேள்வி.

என்ற மாமனாரோட தம்பி பெருந்துறைப் பக்கம் தோட்டத்துல இருக்கறார். அவருகிட்ட 2014 ஸ்விஃப்ட் விடிஐ இருக்குது. டிஎன் 38 நம்பர். 2019-ல கோவையில ஒரு புரோக்கர் மூலமா ரெண்டாங்கையா வாங்கினது. மீட்டர்ல 78 ஆயிரம் சொச்சம் காட்டுது. பையன் புது வண்டி எடுத்துட்டதால இது தோட்டத்துச் சாளையில (தோட்டத்து ஊட்டுல) சும்மா நிக்குது. "வெளில போயி எவங்கிட்டயோ ஏமாறாதீங்க மாப்ள, நம்மூட்டு வண்டி இருக்கறப்ப" அப்படின்னு மூணு நாப்பது சொல்றார்.

எனக்கு வாரம் ரெண்டு மூணு தடவை திருப்பூர் போகோணும். டீசல் ஒத்துவரும்னு தோணுது. ஆனா முன்னப்பின்ன பழைய வண்டி வாங்கிப் பழக்கமில்லீங்க. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா சம்சாரம் "சித்தப்பா வண்டியைச் சந்தேகப்படறீங்களா"ங்கறா. என்ன பண்றதுங்க? மெக்கானிக் இல்லாம நானே பாக்கோணும்னா எதெல்லாம் பாக்கோணும்?

ஆறுசக்கரம் (சங்ககிரி)

சொந்தத்துல வண்டி வாங்காதீங்க தம்பி. அவ்வளவுதான். வெலை பேச வாய் வராது. வாங்குன பொறவு செலவு வெச்சா கேக்கவும் முடியாது. ஒவ்வொரு நோம்பிக்கும் "வண்டி எப்படி ஓடுது மாப்ள"ன்னு கேப்பாங்க, நீங்க சிரிச்சுக்கிட்டே "ஜம்முனு ஓடுதுங்க மாமா"ன்னு சொல்லோணும். எனக்கு அந்த அனுபவம் லாரியிலயே இருக்குது.

நூறடி ரோடு (கோவை)

மூணு நாப்பதுக்கு 2014 ஸ்விஃப்டா! ப்ரோ, இன்னும் கொஞ்சம் போட்டா டெல்லி வண்டி வருது. பெரிய எஸ்யூவி, சன்ரூஃப், லெதர் சீட்டு, 60 ஆயிரம் கிலோமீட்டர். அங்க பத்து வருசம் ஆன டீசலுக்குக் கெடுபிடி, அதனால அள்ளிக் குடுக்கறாங்க.

ஆறுசக்கரம் (சங்ககிரி)

அள்ளித்தான் குடுப்பாங்க. அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்க லைஃப் டாக்ஸ் புதுசாக் கட்டி, நம்பர் மாத்தற வரைக்கும் அலையறது ஆரு? அங்க கட்டுன டாக்ஸைத் திருப்பி வாங்கறதுக்குள்ள பேரன் பொறந்துருவான். பெரிய வண்டிக்கு ஒரு ஏர் சஸ்பென்சன் போச்சுன்னா தம்பியோட ஸ்விஃப்ட் வெலையில பாதி போயிரும். கேள்வி கேட்டது கோபி திருப்பூர் ஓடறதுக்கு. அதைப் பேசுங்க.

பட்டி மணி (சிங்காநல்லூர்)

டிங்கரிங் பெயிண்டிங் வேலை பாக்கறேன். என்ஜினைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும், தகரத்தை நான் சொல்றேன்.

வெளிப் பெயிண்டைத் தடவிப் பாத்து ஒண்ணும் தெரியாது. இப்ப பூத்துல அடிக்கற பெயிண்டு கம்பெனி பெயிண்டை விடப் பளபளன்னு இருக்கும். பாக்க வேண்டியது மறைஞ்சிருக்கற எடம். கதவைத் திறந்து, பாடியில சுத்தி வர்ற ரப்பர் பீடிங்கைக் கையில புடிச்சு இழுங்க, சுலபமா வந்துரும், திரும்ப அமுக்குனா ஏறிக்கும். அதுக்கு அடியில ரெண்டு தகரம் சேர்ற ஓரத்துல சின்னச் சின்ன வட்டமாக் குழி வரிசையாத் தெரியும். அது கம்பெனி ஸ்பாட் வெல்டு. ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே இடைவெளி. அந்த ஓரம் மொழுமொழுன்னு குழியே இல்லாம இருந்தா உள்ள பட்டி (பள்ளத்தை மறைக்கற பூச்சு) போட்டுத் தேச்சிருக்குது. தாறுமாறா மேடு மேடா இருந்தா வெட்டி ஒட்டுன வண்டி. நாலு கதவுலயும் பாருங்க. நடுப் பில்லர்ல கீழ, சீட் பெல்ட் வர்ற பக்கம், நல்லாப் பாருங்க.

அப்பறம் பானெட் தூக்குனா கீல்ல ரெண்டு ரெண்டு போல்ட் இருக்கும். கம்பெனியில போல்ட்டை மாட்டிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பாங்க. அதனால போல்ட் தலையிலயும் பாடி கலரே இருக்கும், மூலை உடையாம இருக்கும். ஸ்பானர் போட்டிருந்தா மூலையில பெயிண்ட் பேந்து வெள்ளி தெரியும். ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகரம்) போல்ட்டுக்கும் இதே நாயம்தான். ஹெட்லைட்டு ஒண்ணு மஞ்சளடிச்சு, இன்னொண்ணு கண்ணாடி மாதிரி இருந்தா அந்தப் பக்கம் ஒரு தடவை முட்டியிருக்குது.

டிக்கியில ஸ்டெப்னியை எடுத்துட்டு அடித் தகரத்தைப் பாருங்க. பின்னாடி நல்லா இடி வாங்குன வண்டியை எத்தனை நேக்கா நிமித்தினாலும் அந்த எடம் காட்டிக் குடுத்துரும். கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் மூலையில தயாரிச்ச வருசத்தோட கடைசி எண் பொறிச்சிருக்கும். 2014 வண்டின்னா 4, இல்லாட்டி 3. ஒண்ணுல மட்டும் 8-னு இருந்தா அந்தக் கண்ணாடி மாத்தினது. மாத்தினதே தப்பில்லீங்க, கல்லு பட்டும் உடையும். ஏன் மாத்தினாங்கன்னு கேளுங்க, பதில் சொல்றப்ப மூஞ்சியைப் பாருங்க.

சின்ன டச்சப்புக்கெல்லாம் பயந்து ஓடாதீங்க. பதினோரு வருச வண்டியில ஒரு கீறல்கூட இல்லைன்னாத்தான் எனக்கு டவுட்டு வரும்.

திருப்பூர் அம்மிணி

தம்பி, மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதுல என்ன மரியாதைக் குறைவு? பொண்ணு பாக்கப் போறப்ப நாலு பேரு போறதில்லையா.

இருந்தாலும் உங்க சங்கடம் புரியுது. ஒரு வழி சொல்றேன். மாமாகிட்ட "ரெண்டு நாளைக்கு வண்டி வேணுங்க மாமா, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்"னு வாங்கிட்டு வந்துருங்க. வெளி ஆளு இப்படிக் குடுக்க மாட்டான். சொந்தத்துல வாங்கறதுல இருக்கற ஒரே லாபம் இதுதான், அதை விட்டுராதீங்க. கோபியில உங்க மெக்கானிக்கிட்டக் காட்டுங்க, ஆரு வேண்டாங்கறா.

ஆனா ஒண்ணு. வண்டியை எடுக்கப் போறப்பச் சொல்லாமக் கொள்ளாம வெள்ளெனப் போங்க. போனதும் பானெட்டு மேல கை வெச்சுப் பாருங்க. ஜில்லுனு இருக்கோணும். ஏற்கெனவே சூடேத்தி வெச்ச டீசல் எதுவுமே நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும். சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாம நிறுத்துங்க. செக் என்ஜின், ஆயில், ஏபிஎஸ், ஏர்பேக் இதுல அந்த வண்டிக்கு என்னென்ன உண்டோ அத்தனை விளக்கும் எரியோணும், ஸ்டார்ட் பண்ண பொறவு எல்லாமே அணைஞ்சிருக்கோணும். எரியாத விளக்கு இருந்தா அதுதான் வில்லங்கம். கோளாறைச் சரி பண்ணாம விளக்கைப் புடுங்கி விட்டுருவாங்க.

கூலன்ட் (கரூர்)

அக்கா சொன்னதோட சேத்துக்கோங்க.

புகை: ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்சம் வந்து நின்னா பரவால்லை. நீலமா வந்துட்டே இருந்தா ஆயில் எரியுது. வெள்ளையா நிக்காம வந்து, கூலன்ட் அளவும் குறைஞ்சுட்டே போனா ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கு அடியில இருக்கற சீல்) வரைக்கும் சந்தேகப்படலாம். ஆக்சிலேட்டர் குடுக்கறப்பக் கரும்புகை கக்குனா இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சறது), ஈஜிஆர் (புகையைத் திருப்பி விடற வால்வு), டர்போ ஹோஸ்னு பாத்துட்டு வரோணும்.

என்ஜின் ஓடறப்ப ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து, அது மேலயே தலைகீழாச் சும்மா வைங்க. லேசா ஆடுனாச் சரி. புஸ்ஸு புஸ்ஸுன்னு புகையோட தூக்கி எறிஞ்சா அதைத்தான் மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரஷன்ம்பாங்க, என்ஜின் வேலை வந்தாச்சு. மூடியோட அடியில தயிர் மாதிரி வெளுப்பா அப்பியிருந்தா ஆயில்ல தண்ணி கலக்குது.

ரேடியேட்டரை வண்டி ஆறுன பொறவுதான் திறக்கோணும். நம்ம பக்கம் பாதிப் பேரு கூலன்டே ஊத்த மாட்டாங்க, போர்த் தண்ணிதான். உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள துருவும் சுண்ணாம்பும் கட்டியிருக்கும். பச்சையோ சிவப்போ தெரியாமச் செம்மண் கலர்ல தண்ணி இருந்தா, ரேடியேட்டர், வாட்டர் பம்ப் செலவைக் கணக்குல வெச்சுக்கோங்க.

கிளட்ச்சுக்கு மேடு வேணும். சென்னிமலை மேல வரைக்கும் ரோடு இருக்குது, பெருந்துறையில இருந்து பக்கம். ஏறறப்ப மூணாங் கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காம இருந்தா கிளட்ச் வழுக்குது. எறங்கறப்ப பிரேக். சாமியையும் கும்பிட்டுட்டு வந்துரலாம். சஸ்பென்சனுக்குத் தனியா எங்கயும் போக வேண்டாம், மாமா தோட்டத்துக்குப் போற இட்டேரியே போதும். கண்ணாடியை ஏத்திட்டு, ரேடியோவை நிறுத்திட்டு ஓட்டுங்க. லொடக்லொடக்குன்னு கேக்கறதெல்லாம் காசு.

சாளையில சும்மா நின்ன வண்டின்னு வேற சொல்றீங்க. எலி! ஒயரிங்கையும் ஏசி ஃபில்டரையும் பாருங்க. என்ஜின் மேல இருக்கற பிளாஸ்டிக் கவரைக் கழட்டினா கூடு இருந்தாத் தெரியும்.

பழைய ஃபைல் (ஈரோடு)

எல்லோரும் வண்டியையே பார்க்கிறீர்கள். நான் காகிதத்தைச் சொல்கிறேன். மோட்டார் வாகன ஆவண வேலையில் நெடுநாள் இருந்தவன்.

முதலில் எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பிறகு அசல் ஆர்சியைக் கையில் வாங்கி, எத்தனையாவது உரிமையாளர், ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை என்று பாருங்கள். அபராதம் நிலுவை இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். பதிவு 15 வருடத்துக்கு. 2014 வண்டி என்றால் 2029 வரை. அதன்பின் எஃப்சி காட்டிப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து காருக்கு 600 ரூபாயில் இருந்து 5,000 ஆக ஏறியிருக்கிறது, பசுமை வரி தனி. டெல்லிப் பத்து வருடச் சட்டம் இங்கே இல்லை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். சொந்தக்காரர் வண்டி என்பதால் இதை விடாதீர்கள். அவர் யாரிடம் வாங்கினாரோ, அவர் உங்களுக்குச் சொந்தமில்லை.

கையெழுத்து வாங்க வேண்டியது: ஃபார்ம் 29 (விற்றதைத் தெரிவிப்பது) இரண்டு பிரதி, ஃபார்ம் 30 (பேர் மாற்ற விண்ணப்பம்). கடன் இருந்து அடைத்திருந்தால் ஃபைனான்ஸ் பேரை நீக்கும் ஃபார்ம் 35-ம் ஃபைனான்ஸின் என்ஓசியும். வண்டி கைமாறும் நாள், நேரம் போட்டு டெலிவரி நோட் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

"நம்ம சொந்தம்தானே, பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்பதுதான் இந்த வட்டாரத்தில் நான் அதிகம் பார்த்த வினை. விற்றவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வாங்கியவருக்கு 30 நாள். பேர் மாற்றாமல் நீங்கள் ஓட்டி ஒரு விபத்து நடந்தால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவரே முன்னால் நின்று மாற்றிக் கொடுப்பார்.

அவினாசி 2012

இடையில ஒரு சின்னக் கேள்வி. நான் 2012 வேகன் ஆர் பெட்ரோல் பாத்துட்டு இருக்கேன். இப்ப வர்ற இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஆகுமா?

கூலன்ட் (கரூர்)

2023 ஏப்ரலுக்குப் பொறவு வந்த வண்டிகளைத்தான் இ20-க்குன்னு செஞ்சாங்க. பழசுலயும் ஓடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். ஃபியூல் லைன் ரப்பர், டேங்க் பம்ப் இதுகளை மெக்கானிக்கிட்ட ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. மேல பேசோணும்னா தனி இழை போடுங்க, இங்க மாமன் கதை ஓடுது.

பவானிக்கரையான் (கோபி)

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. அம்மிணி அக்கா சொன்னபடியே வெள்ளெனப் போயி எடுத்துட்டு வந்துட்டேன். மாமா ஒண்ணும் சொல்லலை, "டீசல் நெறைய இருக்குது, ஓட்டிப் பாருங்க"ன்னுட்டார்.

ஸ்டார்ட்டிங் ஒரே தடவைதான், புகை இல்லை. மூடி லேசாத்தான் ஆடுச்சு. சென்னிமலை ஏறுச்சு, ஆனா கிளட்ச் ரொம்ப மேல வந்துதான் புடிக்குது. எலி ஒண்ணுமில்லை. முன் இடது ஃபெண்டர் போல்ட்ல ஸ்பானர் பட்டிருக்குது. மாமாவே சொல்லிட்டார், சாளைக் கேட்டுல இடிச்சதாமா. பீடிங் உள்ள குழி நாலு கதவுலயும் வரிசையா இருக்குது மணியண்ணா. டயர்ல 4817-னு போட்டிருக்குது, இதென்ன நம்பருங்க?

ஆர்சியில ஒரு ஃபைனான்ஸ் பேர் இருக்குது. மாமா 2019-ல வாங்குன கடன். அடைச்சு மூணு வருசம் ஆச்சுங்கறார், ஆனா பேரை எடுக்கலையாமா.

பட்டி மணி (சிங்காநல்லூர்)

4817-ன்னா 2017-ல 48-ஆவது வாரம் தயாரிச்ச டயர். பட்டன் (டயர் மேல இருக்கற கட்டை) தேயாம இருந்தாலும் எட்டு வருசம் ஆச்சு, ரப்பர் செத்திருக்கும். நாலு டயருக்கு இருபதாயிரத்துக்குப் பக்கம் வெலையில கழிங்க.

கூலன்ட் (கரூர்)

78 ஆயிரம் ஓடுன வண்டியில கிளட்ச் அவ்வளவு தேஞ்சு மேல புடிக்குதா? பெடல் ரப்பர் எப்படி இருக்குது? ஸ்டீயரிங்ல பத்து மணி, ரெண்டு மணி எடம் வழவழன்னு இருக்கா? மீட்டரை நம்பாதீங்க. அந்தக் காலத்து மீட்டரை லேப்டாப்பை மாட்டி டீக் குடிக்கற நேரத்துல கொறைச்சுருவாங்க. மாமாவை விட்டே கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரம் கேக்கச் சொல்லுங்க. ஓனர் கேட்டாச் சொல்லுவாங்க.

நூறடி ரோடு (கோவை)

மாமனையே கூப்பிட்டு மாமன் வண்டி மீட்டரை விசாரிக்கச் சொல்றீங்க. குடும்பத்துல குண்டு வெக்காம விட மாட்டீங்க போல.

பவானிக்கரையான் (கோபி)

குண்டு வெடிச்சுருச்சுங்க.

பெடல் ரப்பர்ல கோடே இல்லை, மொட்டை. மாமாகிட்ட "சர்வீஸ் எப்ப பண்ணதுன்னு கேட்டுச் சொல்லுங்க மாமா, ஆயில் மாத்தோணும்"னு மட்டும் சொன்னேன். அவரே ஃபோன் பண்ணினார், ஸ்பீக்கர்ல. அந்தப் பொண்ணு படிச்சுட்டே வந்துச்சு. 2016-ல 64 ஆயிரம், 2017-ல 93 ஆயிரம், கடைசியா 2018-ல 1,21,000. மாமா 2019-ல வாங்கறப்ப மீட்டர்ல 46 ஆயிரம்.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லீங்க. அப்பறம் சொன்னார், "அந்தப் புரோக்கரு என்ற புள்ளை கல்யாணத்துல பந்தி முச்சூடும் நின்னு பரிமாறுனவன் மாப்ள." அவருக்கு வித்தவன் மேல இருந்த கோவத்துல என் மேல கோவப்பட மறந்துட்டார்.

ஆக மாமா ஓட்டுன 32 ஆயிரத்தையும் சேத்தா ஒன்றரை லட்சத்தைத் தாண்டுது. இப்ப என்ன பண்றதுங்க? வேண்டாம்னு சொன்னாலும் வருத்தம், வாங்குனாலும் பயம்.

ஆறுசக்கரம் (சங்ககிரி)

விட்டுருங்க. ஓட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நாலு வருசத்துல லட்சத்து இருபதாயிரம் சொந்த வண்டி எப்படி ஓடும்? வாடகைக்கு விட்டு அடிச்சிருப்பான் முதல் ஆளு.

கூலன்ட் (கரூர்)

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த 1.3 டீசல்ல ஆயில் ஒழுங்கா மாத்தியிருந்தா ஒன்றரை லட்சம் ஒரு ஓட்டமே இல்லை, ரெண்டரை ஓடுன டாக்சிகளை எல்லாரும் பாத்திருக்கோம். டைமிங் பெல்ட் மாத்தற செலவும் கிடையாது, செயின்தான். வருசா வருசம் கம்பெனியில சர்வீஸ் பண்ண பதிவு இருக்குதுன்னாலே முதல் ஆளு வண்டியை விட்டுத் தள்ளலைன்னு அர்த்தம். பொய் சொன்னது மீட்டர், என்ஜின் இல்லை. கம்ப்ரஷன் டெஸ்ட்டும், ஸ்கேனர் போட்டு இன்ஜெக்டர் அளவும் பாருங்க. நல்லா வந்தா வாங்கலாம், 78 ஆயிரம் வெலைக்கு இல்லை, ஒன்றரை லட்ச வெலைக்கு. கிளட்ச் செட்டு, டயரு, சஸ்பென்சன் புஷ் எல்லாம் கழிச்சு.

ஆறுசக்கரம் (சங்ககிரி)

டாக்சிக்காரன் காலையில எந்திரிச்சதும் வண்டியைப் பாப்பான். இவரு வாரத்துக்கு ரெண்டு நாள் ஓட்டறவரு. ரெண்டும் ஒண்ணா? சரி, அவரு காசு.

திருப்பூர் அம்மிணி

வெலை பேசறப்ப இன்னொண்ணும் இருக்குது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து நாலு மீட்டருக்குள்ள இருக்கற சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆயிருச்சு, செஸ்ஸும் போச்சு. புதுசோட வெலையே எறங்கறப்பப் பழசு பழைய வெலையில நிக்காது. மாமா சொன்ன மூணு நாப்பது அவரு மனசுல எந்தக் காலத்துல இருந்து இருக்குதோ.

ஆனா நீங்களா வெலையை இழுக்காதீங்க. செலவுச் சீட்டை எழுதி அவரு கையில குடுத்து "நீங்களே சொல்லுங்க மாமா"ன்னு விட்டுருங்க. ஏமாந்த மனுசன், இன்னொருத்தரை ஏமாத்த நெனைக்க மாட்டார்.

பவானிக்கரையான் (கோபி)

கம்ப்ரஷன் நாலு சிலிண்டரும் ஒண்ணுபோல இருக்குதுங்க. ஒரு இன்ஜெக்டர் மட்டும் சுத்தம் பண்ணோணும்னார் மெக்கானிக். சீட்டை எழுதிக் குடுத்தேன். கிளட்ச், டயர், இன்ஜெக்டர், கீழ்ப்பக்கப் புஷ். மாமா கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு, "ரெண்டு அறுவது குடுங்க, ஃபைனான்ஸ் பேரை எடுக்கற செலவு என்றது"ன்னார். நான் ரெண்டு எழுபதுன்னு நெனச்சுட்டுப் போயிருந்தேன், வாயைத் திறக்கலை.

சம்சாரமும் சரின்னுட்டா. பணத்தை மொத்தமாக் குடுத்துரலாமுங்களா?

பழைய ஃபைல் (ஈரோடு)

வேண்டாம். அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள். ஃபைனான்ஸ் என்ஓசியை அவர் மூன்று வருடம் முன்பே வாங்கி வைத்திருந்தாலும் அதற்குக் காலக்கெடு முடிந்திருக்கலாம், புதிதாகக் கேட்க வேண்டி வரும். ஃபார்ம் 35 ஏறி, ஆர்சியில் பேர் நீங்கியதை ஆப்பில் பார்த்த பிறகு மீதிப் பணம். அதையும் பேங்க் வழியாகவே கொடுங்கள்.

இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக வந்துவிடும். உங்கள் வண்டிக்கான பகுதி வராது, பழைய பெயரிலேயே விட்டால் இடித்துக்கொண்டு போய் நிற்கும்போது கை விரிப்பார்கள். மாமாவின் நோ கிளெய்ம் போனஸ் மாமாவுடையது, வண்டியுடையது அல்ல. அந்தத் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது, வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அவருடைய அடுத்த வண்டிக்கு உதவும், சொல்லிவிடுங்கள்.

பவானிக்கரையான் (கோபி)

சரிங்க, அப்படியே பண்றேன். ஃபாஸ்டேக் ஒட்டியிருக்குது, அதுல நானூறு ரூபாய் இருக்குதாமா. "அது கெடக்கட்டும், நீங்களே ஓட்டிக்கோங்க"ங்கறார் மாமா.

பழைய ஃபைல் (ஈரோடு)

அதை அவர் பேரில் மூடச் சொல்லிவிட்டு உங்கள் பேரில் புதிது வாங்குங்கள்.

ஆறுசக்கரம் (சங்ககிரி)

ஆமாந் தம்பி. இல்லாட்டி விஜயமங்கலம் டோலைத் தாண்டற ஒவ்வொரு தடவையும் மாமா ஃபோனுக்கு மெசேஜ் போகும். திருப்பூருக்குப் போறேன்னு சொல்லிட்டு வேற எங்கயாச்சும் போனீங்கன்னா ஊட்டுக்கு வர்றதுக்குள்ள நாயம் வந்து சேந்துரும்.